அந்த எண் யார் மேல் விழும் விசை?

கோவையில் பம்பு வடிவமைப்பது என் தொழில். பம்பின் வெளிக்கூடான கேசிங் எதுவும் வார்ப்படத்துக்குப் போகுமுன் கணினியில் சிமுலேஷனைத் தாண்டியாக வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சிவப்பும் நீலமுமாக விரியும் அழுத்தப் படத்தைத்தான் முதலில் திறப்பார்கள். நான் கேட்பது வேறு: இரண்டு பாகங்கள் தொடும் இடத்தில் ஒன்றை ஒன்று எவ்வளவு விசையோடு தள்ளுகின்றன? அதுதான் தொடுகை எதிர்விசை.

ஒரு கேசிங், அதற்கொரு மூடி, எட்டு போல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு போல்ட்டிலும் 10 கிலோநியூட்டன் இழுவிசை வரும்படி முறுக்கினால், மூடி கேசிங்கை 80 கிலோநியூட்டனோடு அமுக்கும். பம்பின் ஹெட், அதாவது அது தண்ணீரை ஏற்றும் உயரம், 100 மீட்டர் என்றால் உள்ளே சுமார் 10 பார் அழுத்தம். 200 மில்லிமீட்டர் விட்டத்தில் அது மூடியை 31.4 கிலோநியூட்டனோடு வெளியே தள்ளும். இப்போது தொடுகை விசை எவ்வளவு?

80 என்பார்கள் சிலர். கழித்துப் பார்த்து 48.6 என்பார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. தண்ணீர் தள்ளத் தள்ள போல்ட் சற்று நீள்கிறது, அமுங்கியிருந்த உலோகம் சற்றே விரிகிறது. எது எவ்வளவு விறைப்போ, அதற்கேற்ப அந்த 31.4 இரண்டுக்கும் பிரிகிறது. போல்ட்டுகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால் அவற்றின் மொத்த இழுவிசை 86.3 ஆக ஏறும். தொடுகை விசை 54.9 ஆக இறங்கும். 54.9-ஐயும் 31.4-ஐயும் கூட்டுங்கள், 86.3 வருகிறது. இந்தக் கூட்டல் ஒத்துவராத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஒத்துவராமல் போகப் பல காரணங்கள் உண்டு. தொடும் பரப்புகள் இரண்டையும் மென்பொருள் சமமாக நடத்தும்போது விசை இரு பக்கமும் பங்காகிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். கணக்குக்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலைதான் மெஷ்; பரப்புக்கு அடியிலுள்ள மெஷ் துண்டுகளிலிருந்து விசையை எடுக்கும் முறையில், அதே துண்டுகளை ஒரு சப்போர்ட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் விசையும் சேர்ந்து வந்துவிடும்.

எல்லாரையும் திகைக்க வைப்பது பூஜ்யம். ஷாஃப்ட்டின் மேல் பேரிங்கை இறுக்கமாக ஏற்றி, எதிர்விசையைக் கேட்டால் ஏறக்குறைய 0 என்று வரும். பிடிப்பே இல்லை என்று பயந்துவிட வேண்டாம். சுற்றிலும் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் நெரிப்பதால், திசையோடு கூட்டும்போது விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. அங்கே பார்க்க வேண்டியது அழுத்தத்தை.

அழுத்தமோ மெஷ்ஷுக்குத் தக்க மாறும். விசைச் சமநிலை காக்கப்படுவதால் மொத்த விசை பெரிய துண்டுகள் கொண்ட மெஷ்ஷிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; உச்ச அழுத்தத்தை அப்படி நம்ப முடியாது. உருண்டைப் பரப்புகள் தொடும்போது அழுத்தம் எப்படிப் பரவும் என்று ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் நமக்கு உரைகல். ஒரு குண்டைத் தட்டையான பரப்பில் அமுக்கிப் பார்த்து, அவர் கணக்கோடு ஒத்துப்போகும்வரை மெஷ்ஷை நுணுக்கச் சொல்கிறேன்.

மூடிக்கு வருவோம். 54.9 நல்ல எண்தான், ஆனால் அது வட்டம் முழுவதற்குமான மொத்தம். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே மூடி சற்று வளைந்து, அங்கே மட்டும் தொடுகை விட்டுப்போகலாம். தண்ணீர் கசிவது அந்த இடத்தில்தான். ஆகவே கூட்டல் ஒத்துவந்த பிறகு, அழுத்தப் படத்தில் சிவப்பை விட்டுவிட்டு, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தின் ஓரமாக மிகக் குறைந்த எண் எங்கே என்று தேடச் சொல்கிறேன்.