முகப்பூச்சும் கிருமிச் சோதனையும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் முகப்பூச்சுத் தயாரிப்பை மேற்கொள்ள விரும்பும் மகளிர் சங்கத்தினர் ஒன்றை உணர்தல் வேண்டும். மணமும் நிறமும் தூய்மைக்குச் சான்றாகா. நீர் கலந்த களிம்பில் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் பெருகும். அவற்றுள் சூடோமோனாஸ் என்பது புண்பட்ட கண்ணிற் புகின் பார்வையையே பறிக்கக்கூடும்.

ஆய்வுக்கூடத்தார் 1 கிராம் பூச்சைக் கிருமி நீக்கிய நீர்மத்திற் கரைத்து, அகார் தட்டிலிட்டு, 30 முதல் 35 பாகை வெப்பத்தில் சுமார் 3 நாள் வைத்து, தோன்றும் புள்ளிகளை எண்ணுவர். 2014-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரப்படி அவை கிராமுக்கு 1,000-க்கு மேற்படலாகாது. கண் மைக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பூச்சுக்கும் வரம்பு 100.

2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகளின்படி உற்பத்திக்கு உரிமமும் தேவை. கொதித்தாறிய நீரையும் உலர்ந்த கலத்தையுமே பயன்படுத்துக. தொகுதிதோறும் எண் இடுக. பழுது நேரின் அத்தொகுதியை மட்டும் திரும்பப் பெறலாம். சோதித்த பின்னரே விற்றல் சங்கத்தின் நற்பெயரைக் காக்கும்.