பின் எண் எதைக் கேட்கிறது?

புதிய கருவியொன்றைக் கையில் எடுக்கும் எவரும் அதனை முற்றிலும் புதிதாகக் கற்பதில்லை. முன்பு பழகிய வேறொன்றின் வழக்கத்தை அதன்மீது ஏற்றிப் பார்த்தே பயன்படுத்தத் தொடங்குகிறோம். "பார்த்தவுடனே புரிகிறது" என்று நாம் பாராட்டும் சாதனங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நமக்குத் தெரிந்தவற்றை ஒத்திருப்பவையே.

2002 டிசம்பரில் ஷாஹ்தரா – தீஸ் ஹசாரி இடையே ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோவின் டோக்கனை எடுத்துக்கொள்வோம். உள்ளே நுழையும்போது அதனை வாயிற்கருவியின்மீது தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. வெளியேறும்போதோ துளைக்குள் இட வேண்டியிருந்தது. வெளியேறும் இடத்திலும் டோக்கனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வாயில் திறவாமல் திகைத்து நின்றவர்களைத் தில்லிவாசிகள் பலரும் கண்டிருப்பர். அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அரைமணி நேரத்துக்கு முன் கற்ற பாடத்தைச் சரியாகவே நினைவில் வைத்திருந்தவர்கள்.

எண்பலகையும் அவ்வாறே. தொலைபேசியிலும் ஏடிஎம்மிலும் 1, 2, 3 மேல்வரிசையில் இருக்கும்; கணிப்பானிலும் கணினி விசைப்பலகையிலும் 7, 8, 9 மேலே இருக்கும். பின் எண்ணை எண்ணாக அன்றி, விரல் செல்லும் பாதையாக நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே மிகுதி. எண்கள் இடம் மாறிய பலகையைக் கண்டால் அவர்கள் தடுமாறுவது இயல்பே.

மெட்ரோ வாயிலில் இழப்பது ஒரு நிமிடம். வங்கிக் கணக்கில் இதே பழக்கம் சேமிப்பையே விலையாகக் கேட்கிறது.

இந்தியாவின் முதல் ஏடிஎம் 1987இல் மும்பையில் எச்எஸ்பிசி வங்கியால் நிறுவப்பட்டது. பின்னர் அவை ஊர்தோறும் பரவியபோது, நம்மில் பெரும்பாலோர்க்குப் பின் எண் என்பது முதன்முதலாக அங்கேதான் அறிமுகமாயிற்று. அட்டையை நுழைத்தோம், எண்ணை அழுத்தினோம், பணம் வந்தது. ஆண்டுக்கணக்கில் இதனைச் செய்த கைக்கு "பின் எண்ணை அழுத்தினால் பணம் வரும்" என்ற பாடம் படிந்துவிட்டது.

உண்மையில் அங்கு நிகழ்ந்தது வேறு. ஒவ்வொரு பதிவுக்கும் பற்று, வரவு என இரு பக்கங்கள் உண்டென்று வணிகவியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கிறார். பின் எண் என்பது நம் கணக்கில் பற்று வைக்க நாம் தரும் அனுமதி மட்டுமே. அந்தப் பற்று பாஸ்புக்கில் பதிந்தது. கைக்கு வந்த நோட்டுகளோ கண்முன் நின்றன. கண்டதையே மனம் காரணமாகக் கொண்டது.

2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று புதுதில்லி தால்கட்டோரா அரங்கில் பீம் செயலி வெளியிடப்பட்டது. பின் எண் என்ற பழைய பெயர் இப்புதிய இடத்துக்கும் உடன் வந்தது. எண்ணை அழுத்தியதும் கைக்கு வரும் நோட்டு மட்டும் வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர் நுழைகிறார். தில்லியிலிருந்து மாற்றலாகிச் செல்லும் குடும்பம் சோபாவையோ குளிர்சாதனப் பெட்டியையோ விற்க இணையத்தில் விளம்பரம் செய்கிறது. பேரமே பேசாத ஒருவர் அழைத்து, "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள், பணம் உங்கள் கணக்கில் சேரும்" என்கிறார். ஏடிஎம்மில் பழகிய கைக்கு இதில் ஐயம் தோன்றுவதில்லை. படித்தவர்களும் ஏமாறுவது இதனால்தான் என்பது நம் கருத்து. பேராசை என்று அதனைப் பழிப்பது நியாயமன்று.

தனிநபர்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவர் பணம் கோரி அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கைகளை 2025 அக்டோபர் 1 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. ஒரு கதவு இவ்வாறு மூடப்பட்டது. கியூஆர் குறியின் கதவு திறந்தே இருக்கிறது. அன்றாட வணிகம் முழுவதும் அதன் வழியே நடப்பதால் அதனை மூடவும் இயலாது.

ஆயினும், சரியான பாடத்தைக் கற்பிக்கும் மற்றொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கரோல் பாக் கடைவீதியில் கியூஆர் அட்டையை மாட்டி வைத்திருக்கும் காய்கறிக் கடைக்காரரைக் கவனியுங்கள். நாள் முழுவதும் பலரிடமிருந்து பணம் பெறுகிறார். அதற்காக ஒருமுறைகூடத் தம் பின் எண்ணை இடுவதில்லை. ஸ்கேன் செய்வதும் பின் எண்ணை இடுவதும் கொடுப்பவரே. விற்பவராகிய உங்களிடம் ஸ்கேன் செய்யச் சொல்பவர், அக்கணமே உங்களை வாங்குபவரின் இடத்தில் நிறுத்துகிறார்.

யுபிஐயில் பணம் அனுப்பும்போதும் இருப்பை அறியும்போதும் பின் எண் கேட்கப்படும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் கேட்கப்படாது. யுபிஐ வழியாக ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது அது கேட்கப்படுகிறதே எனச் சிலர் வினவலாம். அங்கும் நம் கணக்கில் பற்று வைக்கவே அது கேட்கப்படுகிறது.

எவரேனும் இவ்வாறு ஏமாற்றப்பட்டிருப்பின், 1930 என்ற எண்ணை உடனே அழைத்துப் பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் தெரிவிக்க வேண்டும். தம் வங்கிக்கும் அன்றே முறையிட வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்குள் தகவல் சென்றால் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கத்தால் வீட்டாரிடம் மறைத்துக் கழிக்கும் முதல் சில மணி நேரமே இதில் பெரிதும் வீணாகிறது.