நீங்கா நோவும் இரண்டாவது வைத்தியரும்

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருஷம் நோயினால் வருந்திய ஸ்திரீ ஒருத்தியின் வரலாறு வருகின்றது. அவள் வைத்தியர் பலரை அடுத்து, கைப்பொருள் யாவும் செலவழித்தும், முன்னிலும் அதிகமாய்க் கேடுற்றாள் என்று மாற்கு ஒளியாது கூறுகின்றார். அதே வரலாற்றை உரைக்கும் லூக்காவோ, கேடுற்றாள் என்பதை மட்டும் கூறாது விடுகின்றார். லூக்கா தாமே வைத்தியர் என்பது சபையின் நெடுநாளைய கொள்கையாதலின், தம் தொழிலினர்மீது அவருக்கிருந்த பரிவு இதுவென்று சிலர் புன்னகையோடு சொல்வதுண்டு. அஃது எவ்வாறாயினும், வைத்தியர் பலரிடம் அலைவது வேறு. ஒரு வைத்தியர் கண்ட முடிவை மற்றொரு வைத்தியரைக்கொண்டு ஆராய்வது வேறு. இவ்விரண்டையும் நம்மவர் ஒன்றெனக் கருதுவதால் விளையும் தீங்கு பெரிது.

கோவையினின்று காங்கயம் வழியாய்க் கரூர் செல்லும் பெருவழியில் உள்ளது வெள்ளகோவில். முருங்கைக்காய்ச் சந்தையாலும் விசைத்தறிகளாலும் பெயர்பெற்ற ஊர். அவ்வூரில் தறிக்கூடத்தில் வேலை செய்யும் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனை மனத்திற் கற்பித்துக்கொள்வோம். விடியற்காலம் நான்கு மணிக்கு இடுப்பு நோவு அவனை எழுப்பிவிடுகின்றது. எழுந்தால் குனிய முடியவில்லை. முதுகு பலகைபோல் இறுகி நிற்கின்றது. ஒரு மணி நேரம் நடமாடிய பின்னரே இறுக்கம் தளர்கின்றது. ஓய்ந்து படுத்திருக்கும் நாளில் நோவு மிகுகின்றது. வீட்டாரோ, "நாள் முச்சூடும் தறியில நின்னா இடுப்பு நோவாம என்னுங்க பண்ணும்?" என்கின்றனர். வைத்தியரும் தசைப்பிடிப்பு என்று கருதி, வலிமாத்திரை கொடுத்து, படுத்து ஓய்வெடுக்கும்படி சொல்லி அனுப்புகின்றார்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கின்றது. பாரம் தூக்கியதாலோ தேய்மானத்தாலோ வரும் முதுகுநோவு உழைத்தால் மிகும், ஓய்ந்தால் தணியும். அழற்சியினால் வரும் நோவோ இதற்கு நேர்மாறாக ஓய்ந்தால் மிகும்; அசைந்தால் தணியும். நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, இரவின் பிற்பகுதியில் எழுப்பி, காலையில் அரைமணிக்கு மேல் இறுக்கந்தரும் முதுகுநோவைக் கண்டால், ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு அழற்சி நோயை நினைத்தல் வேண்டும். இந்நோய் இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியும் கூடும் மூட்டில் தொடங்கி மேலேறுவது. கவனியாது விட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து, முதுகு மூங்கிற்கழிபோல் வளையாது நின்றுவிடலாம். அவ்வாறு இணைந்ததைப் பிரிக்க மருந்து கிடையாது. ஆதலின் இந்நோயாளிக்கு, படுத்து ஓய்வெடு என்பது தவறான கட்டளை.

இதற்காக முதல் வைத்தியரைக் குறைகூறுதல் நியாயமன்று. நாளொன்றுக்கு அவர் காணும் முதுகுநோவாளருள் மிகப்பெரும்பாலோர் சாதாரணப் பிடிப்பினரே. எக்ஸ்ரே படமோ தொடக்கத்தில் யாதொன்றும் காட்டாது. அதிற் குறி தோன்றச் சில ஆண்டுகள் செல்லும். எம்.ஆர்.ஐ. படமே அழற்சியை முன்னதாய்க் காட்டவல்லது. அழற்சியை அளக்கும் இ.எஸ்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை இந்நோயாளர் அநேகரிடத்தில் இயல்பாகவே இருக்கும். எச்.எல்.ஏ. பி-27 என்னும் பரம்பரைக் குறிக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பு 1973ஆம் ஆண்டு லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. எனினும் அக்குறி உடையவர் பெரும்பாலோர்க்கு நோய் வருவதேயில்லை. ஆகவே, ஒரு காகிதத்தைப் பார்த்து உண்டு இல்லை என்று தீர்ப்பளிக்கும் நோயன்று இது. உலகெங்கும் நோவு தொடங்கியதற்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மறுபுறமும் பிழை நேர்வதுண்டு. நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பையும் பற்றும். பெருந்துறையில் காசநோயாளர்க்கென ஏற்பட்ட சானடோரியம் அப்பகுதிக்கே பெயராய் நிலைத்திருப்பதைக் கொங்கு நாட்டார் அறிவர். காசநோயை அழற்சிவாதம் என்று கருதி, உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் பெருகும். அழற்சிவாதத்தைக் காசநோய் என்று கருதினால் மாதக்கணக்கில் வேண்டாத மருந்து உட்கொள்ள நேரும். 2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவிய பின், மாதங்கள் கடந்தும் மூட்டுவீக்கம் நீங்காது வருந்தினோர் பலர். அந்த வீக்கம் முடக்குவாதத்தைப் பெரிதும் ஒத்திருக்கும்.

முடக்குவாதத்தில் காலம் இன்னும் அருமையானது. முதற் சில மாதங்களிலேயே தக்க மருந்து தொடங்கினால் மூட்டுகள் சிதையாமற் காக்கக்கூடும். அம்மருந்துகளுள் முதன்மையான மெதோட்ரெக்ஸேட் உருவான வரலாற்றில் நமக்குப் பெருமைதரும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக அது பிறந்தது. 1948ஆம் ஆண்டில் அவர் காலமானார். புற்றுநோய்க்கென அமைந்த மருந்து, பிற்காலத்தில் சிறிய அளவில் மூட்டுவாதத்துக்கு உதவுவதாயிற்று. இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளத்தக்கது. தினந்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோர் உண்டு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இனி, இரண்டாவது அபிப்பிராயம் எப்பொழுது வேண்டும்? வாரக்கணக்கில் வலிமாத்திரை தின்றும் நோயின் பெயர் தெரியாதபொழுதும், ஆயுள் முழுவதற்கும் மருந்து என்றபொழுதும், அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றபொழுதும், ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டும் நோவு நீங்காதபொழுதும் வேண்டும். யாரிடம் என்பதும் முக்கியம். முதல்வரைப் போன்ற இன்னொருவரிடம் சென்றால் அதே மாத்திரையே வேறு பெயரில் வரும். மூட்டுவாத மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்றவரையே, ரூமட்டாலஜிஸ்ட் எனப்படுபவரையே, நாட வேண்டும். வெள்ளகோவிலினின்று கோவைக்குச் சென்றுவர ஒருநாட் கூலி போகும். ஆயினும் வளையாத முதுகோடு தறியை விட்டு நீங்குவதை நோக்க அது சிறிது.

"டாக்டர் கோவிச்சுக்குவாருங்க" என்னும் அச்சமே பலரைத் தடுக்கின்றது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018ஆம் ஆண்டு வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம், இரண்டாவது அபிப்பிராயம் பெறுவதை உரிமைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, நோயாளி தம் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தல் வேண்டும். எனினும், உரிமை பேசிக்கொண்டு செல்வதினும், முதல் வைத்தியரிடமே ஒரு கடிதம் கேட்பது நன்று என்பது என் கருத்து. நல்ல வைத்தியர் மனமுவந்து எழுதுவார். மறைத்துச் செல்வதில்தான் ஆபத்து உண்டு: முன்னவர் கொடுத்த ஸ்டிராய்டை இரண்டாமவர் அறியாவிடில், அதனால் மறைந்திருக்கும் வீக்கத்தைக் கண்டு நோயே இல்லை என்று அவர் மயங்கக்கூடும். பெயரற்ற பொட்டலங்களில் விற்கப்படும் வாதமாத்திரைகளிலும் ஸ்டிராய்டு கலந்திருப்பதுண்டு. அவற்றையும் எடுத்துச்சென்று காட்டவேண்டும். நெடுநாள் உட்கொண்ட ஸ்டிராய்டைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஆபத்து.

புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்க: நோவு தொடங்கிய மாதம், காலை இறுக்கம் எத்தனை நிமிஷம், எதனால் தணிகின்றது, கண் சிவந்து நொந்ததுண்டா, குடும்பத்தில் சொரியாசிஸ் என்னும் தோல்நோய் உண்டா, முன்னே சிக்குன்குனியா வந்ததா என்பவற்றை. படங்களையும் சீட்டுகளையும் தேதிவாரியாய் அடுக்குக. அங்கே கேட்கவேண்டுவது, முன்னவர் சொன்னது சரியா தவறா என்பதன்று. இது வேறு எந்நோயாய் இருக்கக்கூடும், அதனை எவ்வாறு அறிவது என்பதே. இருவரும் நோயின் பெயரில் ஒத்து, மருந்தில் மட்டும் மாறுபட்டால் கலங்க வேண்டியதில்லை, மருந்துகள் பல. பெயரிலேயே மாறுபட்டால், இருவரையும் கடிதமூலம் கலந்துகொள்ளும்படி வேண்டலாம், மூன்றாமவரையும் நாடலாம். நான்காமவர், ஐந்தாமவர் என்று செல்லுமிடத்து மாற்கு கூறிய ஸ்திரீயின் நிலை வந்துசேரும்.

சில குறிகள் இரண்டாம் அபிப்பிராயத்துக்காகக் காத்திருக்கக் கூடாதவை. கண் சிவந்து வெளிச்சம் பொறுக்காமை, காய்ச்சலோடு ஒரே மூட்டு வெந்து வீங்குதல், கால்கள் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும், கோவைப் பஸ்ஸுக்கு நாட்குறிக்காமல், அன்றே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போதல் வேண்டும்.