கண்டி தந்த கட்டடக்கலைஞர்: மினெற் டி சில்வா

ஹந்தானை மலைச்சரிவில் நின்று கண்டி நகரை நோக்குவோர்க்கு ஏரியும் தலதா மாளிகையும் முதலிற் புலப்படும். அவற்றை எழுப்பியோரின் பெருமையை மாணாக்கர்க்கு எடுத்துரைக்க நாம் தவறுவதில்லை. ஆயின் இந்நகரிற் பிறந்து, இந்நகரிலேயே தொழில் புரிந்து, பிற நாட்டாராலும் அறியப்பெற்ற ஒரு கட்டடக்கலைஞரின் பெயர் நம் வகுப்பறைகளில் அரிதாகவே ஒலிக்கின்றது. அவரே மினெற் டி சில்வா அம்மையார்.

அம்மையார் 1918ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் முதலாம் நாள் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா சட்டத்தரணி. பின்னாளில் சுகாதார அமைச்சராக விளங்கியவர். தாயார் அக்னஸ் பெண்களுக்கு வாக்குரிமை கோரி உழைத்தவர். 1931இல் அவ்வுரிமை கிட்டியபோது மகள் சிறுமி. இத்தகைய இல்லத்தில் வளர்ந்த பெண் பிறர் வகுத்த வழியிலே அடங்கி நடப்பாள் என எதிர்பார்த்தல் இயலுமா? பம்பாயிற் கட்டடக்கலை பயின்ற காலத்தில், காந்தியடிகளின் விடுதலை வேண்டி நடந்த ஊர்வலத்திற் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்தமையாற் கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். பின்னர் பெங்களூரில் ஒற்றோ கூனிக்ஸ்பேகர் என்னும் ஜெர்மானிய நகரமைப்பறிஞரிடம் பணியாற்றி, இலண்டன் சென்று கல்வியை நிறைவு செய்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தின் இணையுறுப்பினரானார். அப்பேறு எய்திய முதல் ஆசியப் பெண்மணி இவரே. லெ கோபூசியே போன்ற பேராசான்களின் நட்பும் இக்காலத்தில் வாய்த்தது.

'முதற் பெண்மணி' என்னும் புகழோடு நின்றுவிடுதல் அவருக்கு நாம் செய்யும் குறையாகும். கண்டிக்கு மீண்ட அவர் கருணாரத்ன குடும்பத்தினர்க்காக 1949 தொடங்கி 1951 வரையில் அமைத்த இல்லத்தையே எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவை வெட்டிச் சமமாக்காது, சரிவுக்கிசையவே தளங்களை மேலும் கீழுமாக அமைத்தார். சீமெந்தும் கண்ணாடியும் புகுந்த அவ்வீட்டிலே தும்பறை நெசவாளரின் நார்ப்பாய்களும், சுட்டமண் ஓடுகளும், அரக்கு வேலைப்பாடும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இடம்பெற்றன. புதுமையும் மண்ணின் மரபும் ஒன்றையொன்று தள்ளாது நிற்கலாம் என்பதே அவர் கொள்கை. இன்று ஜெப்ரி பாவாவின் பெயரோடு உலகம் போற்றும் நெறிக்கு, அவர் தொழில் தொடங்குமுன்பே கண்டியில் வித்திடப்பட்டிருந்தது.

எனினும், என் கருத்தில், அம்மையாரின் தலையாய பணி வட்டபுளுவக் குடியிருப்பேயாகும். அரசாங்க ஊழியர்க்கென 1955 முதல் 1958 வரையில் ஏறத்தாழ 250 வீடுகள் அங்கே எழுந்தன. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை வரிசையாக நிறுத்துவது எளிது. அவரோ குடிபுக இருந்தோரிடம் வினாக்கொத்துகளை வழங்கினார். கூட்டங்கள் கூட்டி அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். விடைகளுக்கேற்பப் பலவகை வீடுகளை வகுத்தார். வாழப்போகிறவரையே கேட்டு வீடு அமைத்தல் அந்நாளில் எந்நாட்டிலும் அரிதான செயல்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த மாணாக்கர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, முதுகோடு முதுகு ஒட்டிய லயம். குடும்பத்தில் எத்தனை பேர், அடுப்பெரிக்க இடமுண்டா, வயது வந்த பெண்பிள்ளை எங்கே உறங்குவாள் என்று அவற்றைக் கட்டியோர் எவரைக் கேட்டனர்? வட்டபுளுவவில் கேட்கப்பட்ட அவ்வினாக்கள் சில கல் தொலைவிலுள்ள மலைத்தோட்டங்களை எட்டவேயில்லை. ஊழியரிடம் கேட்கத் தெரிந்த நாட்டுக்குத் தொழிலாளியிடம் கேட்கத் தோன்றாமற் போனது ஏனென்பதை நம் மாணாக்கர் ஆராய்தல் தகும்.

பிற்காலத்தில் அம்மையாருக்குப் பணிகள் அருகின. 1970களில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். ஊர் திரும்பியபின், 1980களில், கண்டிக் கலைச்சங்கத்தின் கலாநிலையத்தைப் பழைய இல்லமொன்றைச் சிதையாது அணைத்து அமைத்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் தன் பொற்பதக்கத்தை அவருக்கு வழங்கியது 1996இல். அப்போது அகவை 78. 1998 நவம்பரில் கண்டியிலேயே காலமானார். தம் வாழ்வையும் பணியையும் படங்களோடு அவரே தொகுத்தெழுதிய நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.