மோட்டார் வண்டி வாங்குமுன்



புக்கிட் தெங்கா வட்டாரத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகவேண்டும். மகளுக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. தாயார் புக்கிட் மெர்த்தாஜாம் சந்தைக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸை நம்பினால் வேலை கெடும். ஆகவே, சேர்த்து வைத்த பணத்தில் ஒரு மோட்டார் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுகிறது. எதை வாங்குவது? ஸ்கூட்டரா, ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிளா?

முதலில் இவ்விரண்டின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். இத்தாலி நாட்டில் 1946ஆம் ஆண்டு வெஸ்பா ஸ்கூட்டர் பிறந்தது. கால் வைக்க அகன்ற தட்டு, சிறிய சக்கரங்கள், மூடிய எஞ்சின் என்பன அதன் அடையாளங்கள். 1958இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் ‘சூப்பர் கப்’ வண்டியை வெளியிட்டது. அதற்குப் பெரிய சக்கரம், கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத கியர். பினாங்கின் தொழிலதிபர் லோ பூன் சியூ, ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் பரப்பினார். மெக்கானிக்காக வாழ்வைத் தொடங்கியவர் அவர். தோட்டத்துச் செம்மண் பாதைகளில் கப்சாய் நிலைபெற்றதற்குக் காரணம் விளம்பரம் மட்டுமல்ல; அதன் அமைப்பும்தான்.

சக்கரத்தை எடுத்துக் கொள்வோம். கப்சாயின் சக்கரம் பெரும்பாலும் 17 அங்குலம். இன்றைய சிறிய ஸ்கூட்டர்கள் பலவற்றில் 12 அல்லது 14 அங்குலம். ஒரே பள்ளத்தில் சிறிய சக்கரம் ஆழமாக இறங்கும். பெரிய சக்கரம் மேலோடு கடந்துவிடும். மழைக்குப் பின் செம்பனைக் காட்டுப் பாதையில் போகிறவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டும் மகளுக்கோ அது அத்தனை பெரிதல்ல.

அடுத்தது, எஞ்சினின் வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் முறை. கப்சாயில் சங்கிலி உண்டு. சேறு பட்டால் அது தேயும். ஆனால் கண்ணுக்குத் தெரியும், வீட்டிலேயே எண்ணெய் போட்டு இறுக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட் உள்ளே மறைந்திருக்கும். ஓட்டுவது எளிது, நெரிசலில் கால் ஓயாமல் கியர் மாற்ற வேண்டாம், இருக்கைக்கு அடியில் மழைக்கோட்டும் வைக்கலாம். ஆனால் தேய்ந்த பெல்ட்டைப் பட்டறையில்தான் மாற்ற முடியும். நாள்தோறும் பளு ஏற்றிக் கரடுமுரடான பாதையில் போகும் வீட்டுக்குக் கப்சாய் ஏற்றது. தார்ச்சாலையில் வேலைக்குப் போய்வரும் வீட்டுக்கு ஸ்கூட்டர் வசதியானது. ஒரே வண்டி இருவருக்கும் என்றால், மோசமான பாதையில் போகிறவரின் தேவையை முன்னே வையுங்கள். யார் யார் ஓட்டப் போகிறார்களோ அவர்கள் எல்லாரும் ஒருமுறை ஏறி அமர்ந்து பார்க்கட்டும். இரு காலும் தரையில் ஊன்றாவிட்டால் அந்த வண்டி அவருக்கு ஆகாது.

இனி, பணத்துக்கு வருவோம். கடைக்காரர், “மாதம் 135 வெள்ளிதான்” என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். 60 மாதம் கட்டினால் 8,100 வெள்ளி. முன்பணம் 600 வெள்ளி சேர்த்தால் 8,700. அதே வண்டியின் ரொக்க விலை 6,000 என்றால், 2,700 வெள்ளி அதிகம் கொடுக்கிறோம். ஆகவே, “மாதம் எவ்வளவு?” என்பதோடு நிற்காமல், “மொத்தம் எவ்வளவு?” என்றும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையை வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்பிள்ளை படித்ததற்கு அதுவும் ஒரு பயன்தானே!

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. ஆனால் பகல் வெளிச்சத்தில் வாங்குங்கள். எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பாருங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். நேரான சாலையில் வண்டி ஒருபக்கம் இழுத்தால், சட்டம் வளைந்திருக்கலாம். சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றும் வேலையை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இறுதியாக ஒன்று. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசச் சட்டம் 1973 முதல் இருக்கிறது. வண்டி விலையோடு இரண்டு நல்ல தலைக்கவசங்களின் விலையையும் லைசென்ஸ், இன்சூரன்ஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இவற்றுக்குப் பணம் போதாவிட்டால், இன்னும் மலிவான வண்டியைப் பாருங்கள், தலைக்கவசத்தைக் குறைக்காதீர்கள். ஒரு வண்டியில் இருவருக்கு மேல் ஏறவும் வேண்டாம்.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2019 முதல் அதில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமும் இல்லை. தீவில் வேலை தேட நம் பிள்ளைகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. ஆனால் கடற்காற்று குறுக்கே வீசும் அப்பாலத்தில் இலேசான வண்டி அசையும். அங்கே வேகம் வேண்டாம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் பெரியோர். பக்கத்து லயத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று பார்த்து வாங்காமல், நம் பாதை எது, நம் பளு எவ்வளவு, நம் வருமானம் என்ன என்று பார்த்து வாங்குவோம். வேலைக்குப் போனவர் பொழுது சாய்ந்ததும் பத்திரமாக வாசலில் வந்து இறங்க வேண்டும். அதே வேளையில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் கையில் காசு இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வண்டியே நமக்கு ஏற்ற வண்டி.