கோட்டுக்கு முன்னால் எது?

நான் சிங்கப்பூர்க்காரி. அப்பா தமிழர், அம்மா ஹொக்கியன் சீனர். எங்களை இங்கே 'சிண்டியன்' என்பார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்காகப் பிரித்து எண்ணும் நாடு இது. நான் பிறந்தபோது தந்தையின் இனத்தையே பிள்ளைக்கும் எழுதுவது வழக்கம். என் அடையாள அட்டையில் அம்மாவின் சுவடே இல்லாமல் இருந்தது. 2011 முதல் 'இந்தியர்-சீனர்' என இரண்டையும் எழுதலாம். உடனே மாற்றிக்கொண்டேன்.

ஆனால் எதை முதலில் எழுதுகிறோம் என்பது பெரிய விஷயம். ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கட்டடத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் குடியிருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு உண்டு. அந்தக் கணக்கில் இரண்டு இனங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டுக்கு முன்னால் இருக்கும் இனம்தான் செல்லும்.

காப்பிக்கடையில் என்னை மலாய்க்காரி என்று நினைத்து மலாயில் பேசுகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. தேக்கா சந்தையில் தமிழில் விலை கேட்டால், "தமிழ் எங்கம்மா கத்துக்கிட்டே?" என்கிறார்கள். அதுதான் வலிக்கிறது. அப்பாயி மடியில் கற்ற மொழி அது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு என் சீனப் பாட்டி ஆ மா வீட்டில் முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுபவளும் நான்தான்.

என் கணவர் யூரேசியர். படிவத்தில் இரண்டு இனங்களுக்குத்தான் இடம். பிறக்கப்போகும் குழந்தைக்கு எதை விடுவது என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.