கம்பெனி சென்னையில்! வேலை சிதம்பரத்தில்!

வாடகைக்கு பயந்து காலேஜ் ஊருக்கு மூட்டை கட்டுவோர் கவனிக்க வேண்டியது என்ன?

மின்சார ரெயிலில் தொங்க வேண்டாம். பஸ்சுக்குக் கால் கடுக்க நிற்க வேண்டாம். கூடத்தில் மேஜை போட்டு கம்ப்யூட்டரைத் திறந்தால் அதுதான் ஆபீஸ்!

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கச் சொல்லின. பட்டணத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சட்டி பானையோடு ஊர்ப் பக்கம் போனவர்கள் ஏராளம். அந்த வசதி இன்றும் சிலருக்கு இருக்கிறது.

அப்படிப்பட்டவர்கள் எந்த ஊருக்குப் போகலாம்? சொந்த ஊர் இருந்தால் சரி. இல்லாதவர்களுக்குத் தோதானது காலேஜ் உள்ள சின்ன ஊர்தான்.

வெளியூர்க்காரரை முறைக்காத ஊர்

உதாரணத்துக்குச் சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடராஜர் கோவில் மேற்கே. ரெயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே அண்ணாமலைநகர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் உண்டாக்கிய பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி சிதம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 62 ஆயிரத்துச் சொச்சம். ஆனால் பல தலைமுறையாக வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்த ஊர். அதனால் மாடி அறை, மெஸ், சலவைக்கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். புது ஆள் வந்தால் யாரும் வெறித்துப் பார்ப்பது இல்லை. "எந்தக் காலேஜ், தம்பி?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான்!

காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. சாயங்காலம் நான்கு வீதியையும் ஒரு சுற்று. லீவு நாளில் பிச்சாவரத்தில் படகு. பட்டணத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

அட்வான்ஸ் படுத்தும் பாடு

ஊர் மாறுவதற்கு முதல் காரணம் வாடகை. சென்னையில் மாதம் 20 ஆயிரம் ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மாத அட்வான்ஸ் கேட்டால் 2 லட்சம் ரூபாய்! வட்டி இல்லாமல் வீட்டுக்காரரிடம் தூங்கும் பணம்.

2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. "வேறு விதமாக" எழுதிக்கொள்ள இடம் இருப்பதால், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது நல்லது. இது சிதம்பரத்துக்கும் பொருந்தும்.

இன்னொரு கணக்கையும் மறக்கக்கூடாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, வீட்டு வாடகைப்படிச் சலுகையின் உச்சவரம்பு சென்னையில் சம்பளத்தில் 50 சதவீதம். சிதம்பரத்தில் 40 சதவீதம்தான். அதிக வாடகை கொடுக்கிறவர்களுக்குத்தான் இது உறைக்கும். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

மழை வந்தால்?

எல்லாம் இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சிதம்பரம் வடிகால் பூமி. தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழை கொட்டியபோது நடராஜர் கோவிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

எனவே வீடு பார்ப்பதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்! மாடி வீடு உத்தமம். இன்டர்நெட் இணைப்பு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். இன்வெர்ட்டர் அவசியம். கரண்டு போச்சு என்று மேலதிகாரியிடம் ஒரு நாள் சொல்லலாம், தினமும் சொல்ல முடியுமா?

பெரிய ஆஸ்பத்திரி பற்றி அதிக கவலை இல்லை. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரியாக ஊரிலேயே இயங்குகிறது. அதற்கும் மேல் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கு ஓட வேண்டும்.

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வா!"

பெரிய பயம் வேறு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கியாஸ் மாற்றி, ரேஷன் கார்டு மாற்றி, மூச்சு விடும் நேரத்தில் கம்பெனியில் இருந்து கடிதம் வரும்: "இனி ஆபீசுக்கு வரவும்!" 2023-ல் பெரிய கம்பெனிகள் பல, ஊழியர்களைத் திரும்ப அழைத்தன.

பகலில் சோழன் எக்ஸ்பிரஸ், ராத்திரியில் உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 2010-ல் அகலப்பாதை வந்த பிறகு எழும்பூருக்கு நேராகப் போகலாம். ஆனாலும் ஒரு வழிக்கே 4 மணி நேரம் ஆகிவிடும். மாதம் இரண்டு முறை போகலாம். தினம் போக முடியாது. மறுபடியும் பட்டணத்தில் வீடு, மறுபடியும் அட்வான்ஸ், மறுபடியும் லாரி வாடகை. இரண்டு வருஷம் மிச்சம் பிடித்தது இரண்டே மாதத்தில் கரைந்துவிடும்.

அதனால் வாய்வார்த்தையை நம்பாமல், வீட்டில் இருந்து வேலை பார்க்கலாம் என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குவது முதல் வேலை. அதிலும் எத்தனை மாத அவகாசத்தில் திரும்ப அழைக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் ஒருவர் மட்டும் போய் மாடி அறையில் ஒரு மாதம் தங்கி வேலை பார்க்கட்டும். பிடித்தால் குடும்பம் போகட்டும். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் மாறவே கூடாது.

ஊருக்கும் ஆள் வேண்டும்

இதில் ஊரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பண நெருக்கடியில் சிக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தமிழக அரசு ஏற்றது. தேவைக்கு அதிகமாக இருந்த ஊழியர்கள் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். சம்பளக்காரர் குடும்பம் ஒன்று போனால், பால்காரர், மளிகைக்கடைக்காரர், வீட்டுக்காரர் மூவருக்கும் நஷ்டம்.

அந்த இடத்தில், பட்டணத்துச் சம்பளத்தோடு ஒருவர் குடி வந்தால் கடைத்தெருவுக்கு லாபம்தான். ஆனால் அதே சம்பளத்தைப் பார்த்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றிவிட்டால், பாடு படுவது மாணவர்களும் உள்ளூர் குமாஸ்தாக்களும்தான். கேட்ட வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பேசி முடிப்பது குடி போகிறவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது!